2005-ல் ஐரோப்பிய அரசியல் சாசனத்துக்கு பிரான்ஸ் சொன்ன 'வேண்டாம்': அது யாருடைய வெற்றி?

கேள்விக்குறி:
எல்லோருக்கும் வணக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தின் வரலாற்றைப் படித்துக்கொண்டு வருகிறேன். 2005-க்கு வந்ததும் குழம்பிவிட்டேன்.

2004 அக்டோபர் 29 அன்று ரோமில் 25 நாடுகள் 'ஐரோப்பாவுக்கான அரசியல் சாசனத்தை நிறுவும் ஒப்பந்தம்' ஒன்றில் கையெழுத்திடுகின்றன. அதற்கு வழிவிட பிரான்ஸ் தன் சொந்தச் சாசனத்தைத் திருத்த வேண்டியிருந்தது. 2005 பிப்ரவரி 28 அன்று இரு அவைகளும் வெர்சாயில் கூடி 730-க்கு 66 என்ற கணக்கில் திருத்திவிட்டன. மூன்று மாதம் கழித்து, மே 29-ல், அதே நாட்டு மக்கள் 54.7% பேர் 'வேண்டாம்' என்கிறார்கள். அதுவும் 69% பேர் வாக்குச்சாவடிக்கு வந்து. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சியான சோஷலிஸ்டுகளின் தலைமை, பெரிய பத்திரிகைகள் எல்லாம் ஒரு பக்கம் இருந்தும் இது எப்படி நடந்தது?

இதற்கு இரண்டு விதமான விளக்கம் படித்தேன். வெளிநாட்டுத் தொழிலாளிகளையும் துருக்கியையும் கண்டு பயந்துபோய் வாக்களித்தார்கள் என்பது ஒன்று. இடதுசாரிச் செயற்பாட்டாளர்கள் தெருத்தெருவாகப் போய்ச் சாதித்தார்கள் என்பது இன்னொன்று. இரண்டும் ஒரே வாக்கெடுப்பைப் பற்றியவைதானா என்றே சந்தேகம் வருகிறது.

சட்டநாதன்:
ஒரே வாக்கெடுப்புதான். ஃபிலிப் தெ வில்லியே, லெ பென் ஆகியோரின் வலதுசாரி 'வேண்டாம்' தனி. கம்யூனிஸ்டுகள், ட்ராட்ஸ்கியவாதிகள், சோஷலிஸ்ட் கட்சியின் ஒரு பாதி, ஜோசே போவேயின் விவசாயிகள் எல்லாம் சேர்ந்த 'வேண்டாம்' தனி. இரண்டு கூட்டமும் ஒரே மேடையில் ஏறவில்லை. ஆனால் வாக்குப்பெட்டிக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன், பிறகு திட்டலாம். எதிர்த்தவர்கள் எதை எதிர்த்தார்களோ அது ஏற்கெனவே நடைமுறையில் இருந்தது. மூலதனத்தின் தடையற்ற நடமாட்டம், மத்திய வங்கியின் சுதந்திரம், அரசு மானியங்களுக்குக் கட்டுப்பாடு எல்லாம் 1957 ரோம் ஒப்பந்தத்திலும் 1992 மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்திலும் வந்தவை. புதிதாக வந்தவை என்ன? அடிப்படை உரிமைகள் பட்டயத்துக்குச் சட்ட வலு, ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்குக் கூடுதல் அதிகாரம், பத்து லட்சம் பேர் கையெழுத்திட்டால் ஐரோப்பிய ஆணையத்திடம் சட்டம் கோரலாம் என்ற உரிமை. 'வேண்டாம்' என்றதால் பழையது அப்படியே நின்றது, புதியது மட்டும் போனது. அப்போது நடைமுறையில் இருந்த நீஸ் ஒப்பந்தத்தின் கீழேயே இன்னும் நாலரை ஆண்டு ஓடியது.

புறநகரான்93:
சட்டநாதன் ஐயா சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதிக்காகத்தான் நாங்கள் அந்த வருடம் முழுக்கச் சண்டை பிடித்தோம். நான் அப்போது பாரிசுக்கு வடக்கே, சேன்-சேன்-தெனி மாவட்டத்தில் இருந்தேன். இங்கே குடியுரிமை எடுத்து நான் போட்ட முதல் வாக்கு அதுதான்.

தம்பி கேள்விக்குறி, இது 2005 மேயில் திடீரென்று கிளம்பிய விஷயம் இல்லை. 2004 ஜூலை 14 அன்று அதிபர் ஷிராக் தொலைக்காட்சியில் வாக்கெடுப்பு நடத்துவோம் என்று அறிவித்தார். சோஷலிஸ்ட் கட்சியைப் பிளக்கலாம் என்ற கணக்கு அதில் இருந்தது என்று அப்போதே கதைத்தார்கள். கட்சி பிளந்தது உண்மை, ஆனால் அடி அவருக்கும் விழுந்தது. அக்டோபரில் கோப்பர்னிக் என்ற இடதுசாரி அறக்கட்டளையைச் சுற்றியிருந்தவர்கள் '200 பேரின் அறைகூவல்' என்று ஒன்று வெளியிட்டார்கள். தொழிற்சங்கக்காரர், கட்சிக்காரர், எந்தக் கட்சியிலும் இல்லாதவர் எல்லாரும் அதில் கையெழுத்து வைத்தார்கள். 'ஐரோப்பா வேண்டும், இந்த ஐரோப்பா வேண்டாம்' என்பது அதன் சாரம். அதைப் பிடித்துக்கொண்டு ஊருக்கு ஊர் குழுக்கள் முளைத்தன. பொதுவாக ஒன்றின் முகத்தில் ஒன்று முழிக்காத கட்சிகள் இந்தக் குழுக்களில் ஒரே மேசையில் உட்கார்ந்தன. கம்யூனிஸ்ட் மரி-ஜார்ஜ் புஃபேயும் ட்ராட்ஸ்கியவாதி பெசன்ஸ்னோவும் சோஷலிஸ்ட் மெலான்ஷோனும் ஒரே மேடையில் நிற்பதை அதற்கு முன் யார் பார்த்தது?

அத்தாக் அமைப்பை மறக்கக்கூடாது. 1998-ல் நாணயப் பரிவர்த்தனைகள் மீது வரி கேட்டு ஆரம்பித்தவர்கள். ஒப்பந்தங்களின் வரைவை வரி வரியாகப் படித்து, சாதாரண சனத்துக்கு விளக்கும் பழக்கம் அவர்களிடம் இருந்தது. அதே 1998-ல் பன்முக முதலீட்டு உடன்படிக்கையைக் கவிழ்த்த போராட்டத்தில் அந்தப் பழக்கம் நல்லாய் உதவியது. 2005-ல் அதே வித்தையை 448 பிரிவுகள் கொண்ட ஒரு ஆவணத்தின் மீது காட்டினார்கள்.

தொழிற்சங்கத்துக்குள் நடந்ததும் முக்கியம். செ.ஜே.தே. (CGT) என்ற பெரிய தொழிற்சங்கத்தின் தலைவர் பெர்னார் திபோ, சங்கம் இதில் நிலைப்பாடு எடுக்காமல் இருப்பதே நல்லது என்று நினைத்தார். 2005 பிப்ரவரியில் சங்கத்தின் தேசியக் குழு அவர் பேச்சைக் கேட்காமல் 'வேண்டாம்' என்று முடிவெடுத்தது. தலைமை ஒரு பக்கம், கீழே உள்ளவர்கள் இன்னொரு பக்கம் என்பது அந்த வருடம் எல்லா இடத்திலும் நடந்த கூத்து.

சுருட்டு:
448 பிரிவையும் உண்மையிலேயே யாராவது படித்தார்களா அண்ணே? வீட்டு வாடகை ஒப்பந்தத்தையே கடைசிப் பக்கத்துக்குப் போய்க் கையெழுத்துப் போடுகிற ஆள் நான்.

புறநகரான்93:
சிரிக்காதேயும், படித்தார்கள். அரசாங்கமே முழு வாசகத்தையும் அச்சடித்து ஒவ்வொரு வாக்காளர் வீட்டுக்கும் தபாலில் அனுப்பியது. ஏறத்தாழ 200 பக்கம். ஒப்பந்தத்தை விளக்கும் புத்தகங்கள் அந்த வசந்த காலத்தில் அதிகம் விற்கும் வரிசையில் இருந்தன. மெட்ரோவில் ஆட்கள் பென்சிலால் கோடு போட்டு வாசித்துக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன்.

மார்சேயில் எத்தியேன் ஷுவார் என்று ஒரு பள்ளி ஆசிரியர். எந்தக் கட்சியிலும் இல்லாதவர். முதலில் அவரும் மற்றவர்களைப் போல 'சரி' பக்கம்தான் சாய்ந்திருந்தார். வாசகத்தைப் படித்துவிட்டு, இது ஏன் மோசமான சாசனம் என்று 2005 மார்ச்சில் தன் இணையப் பக்கத்தில் ஒரு கட்டுரை போட்டார். முகநூல் பிரான்சுக்கு வராத காலம். மின்னஞ்சலில் ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பி அனுப்பியே அது நாடு முழுக்கச் சுற்றியது. அமைச்சர்களின் பேட்டிகளை விட அந்தக் கட்டுரையைப் பற்றித்தான் எங்கள் வேலைத்தளத்தில் கதை.

அவர் கேட்டவை எளிய கேள்விகள். ஒரு அரசியல் சாசனத்தைச் சாதாரண ஆள் வாசித்து விளங்கிக்கொள்ள முடிய வேண்டாமா? அது எந்தப் பொருளாதாரக் கொள்கை பக்கமும் சாயாமல் இருக்க வேண்டாமா? அதை மக்கள் தேர்ந்தெடுத்த ஒரு சாசன சபைதானே எழுத வேண்டும்? முன்னாள் அதிபர் ஜிஸ்கார் தெஸ்தான் தலைமையில் வரைவை எழுதிய மாநாட்டை அந்த வேலைக்கென்று யாரும் வாக்குப் போட்டு அனுப்பவில்லை.

சட்டநாதன்:
மாநாட்டில் இருந்தவர்களில் பெரும்பான்மையோர் தேசிய நாடாளுமன்றங்களிலிருந்தும் ஐரோப்பிய நாடாளுமன்றத்திலிருந்தும் வந்தவர்கள். 2002 பிப்ரவரி முதல் 2003 ஜூலை வரை கூடிப் பேசினார்கள். அதற்கு முந்தைய ஒப்பந்தங்களை எல்லாம் அதிகாரிகளும் அமைச்சர்களும் மூடிய கதவுக்குப் பின்னால் எழுதினார்கள். முன்பை விடத் திறந்த முறையில் எழுதப்பட்ட ஒப்பந்தம்தான் 'மேலிருந்து திணித்தது' என்று அடி வாங்கியது. இதை யாரும் சொல்வதில்லை.

புறநகரான்93:
நியாயம். ஆனால் மூன்றாம் பகுதிக்கு வாருங்கள், ஐயா. அங்கேதான் சிக்கல்.

முதல் பகுதி நிறுவனங்களின் அமைப்பு. இரண்டாம் பகுதி உரிமைகள் பட்டயம். நாலாவது, திருத்தும் முறை. இவை மூன்றையும் சேர்த்தால் 126 பிரிவுகள்தான். மூன்றாம் பகுதி மட்டும் 322 பிரிவுகள், அவ்வளவும் கொள்கைகள். போட்டிச் சட்டம், நாணயக் கொள்கை, விவசாயம், வர்த்தகம். சேவைத் துறைகளைக் கட்டாயத்துக்கு மேலேயும் தாராளமாக்க உறுப்பு நாடுகள் முயல வேண்டும் என்று 148-ஆம் பிரிவு சொல்கிறது. மூலதன நடமாட்டத்துக்குத் தடை கூடாது என்கிறது 156. அதுவும் ஒன்றியத்துக்குள் மட்டுமில்லை, வெளிநாடுகளுடனும். சமூகக் கொள்கை என்று வந்தால் 210-ஆம் பிரிவு பல விஷயங்களில் நாடுகளின் சட்டங்களை ஒத்திசைப்பதை வெளிப்படையாக விலக்கி வைக்கிறது. சந்தை எல்லாருக்கும் பொது, தொழிலாளர் பாதுகாப்பு அவரவர் பாடு. எங்கள் சங்கக் கூட்டத்தில் இந்த மூன்று பிரிவுகளையும் அடுத்தடுத்து வாசித்தாலே போதும், பேச்சாளர் தேவைப்படவில்லை.

இவை பழைய ஒப்பந்தங்களில் இருந்தவைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவற்றை எங்களிடம் வாக்குக் கேட்டு யாரும் நுழைக்கவில்லை. மாஸ்ட்ரிக்ட் ஒன்றுதான் விதிவிலக்கு. அதுவும் 1992-ல் 51% என்று மயிரிழையில் தப்பியது. முதல்முறையாக முழுக் கணக்கையும் மேசையில் வைத்துச் சம்மதம் கேட்டார்கள். கேட்டால் பதில் வரும்தானே. அதற்கு மேல், திருத்துவதற்கு 25 நாடுகளும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும். தேர்தலில் ஆட்சி மாறினால் கொள்கை மாறும் என்பதுதான் சாதாரண ஜனநாயகம். கொள்கையைச் சாசனத்துக்குள் வைத்துப் பூட்டிவிட்டால் தேர்தல் எதற்கு?

சட்டநாதன்:
பூட்டு நல்ல வாதம், மறுக்க மாட்டேன். 1-41-ஆம் பிரிவில் உறுப்பு நாடுகள் தங்கள் இராணுவத் திறனைப் படிப்படியாக மேம்படுத்த வேண்டும் என்றிருந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதைச் சாசனத்தில் வைப்பதை அமைதி இயக்கங்கள் எதிர்த்ததில் தர்க்கம் இருந்தது.

ஆனால் எல்லோரும் 148-ஐயும் 210-ஐயும் படித்துவிட்டுத்தான் வாக்களித்தார்கள் என்று என்னை நம்பவைக்க முடியாது. 'போலந்து பிளம்பர்' எங்கே போனார்?

புறநகரான்93:
அவர் எங்கேயும் போகவில்லை, கடைசிவரை வரவும் இல்லை! அந்தக் கதையைக் கேள்விக்குறி தம்பிக்காகச் சொல்கிறேன்.

2004 ஜனவரியில் உள்சந்தைக்குப் பொறுப்பான ஆணையர் ஃப்ரிட்ஸ் பொல்கஸ்டைன், நெதர்லாந்துக்காரர், சேவைகள் பற்றி ஒரு சட்ட வரைவு கொண்டுவந்தார். சேவை தருபவர் எந்த நாட்டிலிருந்து வருகிறாரோ அந்த நாட்டின் விதிகள்தான் அவருக்குப் பொருந்தும் என்பது அதன் உயிர்நாடி. வார்சாவில் பதிவு செய்த நிறுவனம் லியோனில் போலந்து விதிப்படி வேலை செய்யலாம் என்று சனம் விளங்கிக்கொண்டது. தெ வில்லியே இதைச் சாசனத்தோடு முடிச்சுப் போட்டு, போலந்து பிளம்பர் வந்து நம் ஆட்களின் வேலையைப் பறிப்பான் என்று பேசினார். வடக்கு பிரான்சில் தனக்கு ஒரு வீடு இருப்பதாகவும் அங்கே குழாய் வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை, போலந்துக்காரர் வந்தால் நல்லது என்றும் பொல்கஸ்டைன் சொன்னார். மின்வாரியத் தொழிலாளர்கள் போய் அந்த வீட்டின் மின்சாரத்தை வெட்டிவிட்டார்கள்.

இடதுசாரிகள் பொல்கஸ்டைன் வரைவை எதிர்த்தார்கள், பிளம்பரை எதிர்க்கவில்லை. 2005 மார்ச் 19 அன்று பிரஸ்ஸல்சில் நடந்த பேரணியில் பல நாட்டுத் தொழிலாளர்களும் ஒன்றாக நடந்தார்கள். எங்கள் குழுவில் நானே வந்தேறி. 'வந்தேறி வேண்டாம்' என்று நான் எப்படித் துண்டறிக்கை கொடுப்பேன்?

சுருட்டு:
அப்புறம் போலந்து சுற்றுலாத் துறை ஒரு அழகான பிளம்பர் படத்தைப் போட்டு 'நான் போலந்திலேயே இருக்கிறேன், நீங்கள் கூட்டமாக வாருங்கள்' என்று விளம்பரம் செய்ததே! இந்த விவகாரத்தில் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டது அவர்கள் மட்டும்தான்.

கேள்விக்குறி:
விளம்பரத்தைத் தேடிப் பார்த்தேன், பிரமாதம் :-) ஆனால் பயந்து வாக்களித்தவர்கள் எத்தனை பேர் என்பதற்கு ஏதாவது கணக்கு இருக்கிறதா?

சட்டநாதன்:
வாக்கெடுப்பு முடிந்த கையோடு ஐரோப்பிய ஆணையமே எடுத்த கருத்துக்கணிப்பு இருக்கிறது. பிரான்சில் 'வேண்டாம்' போட்டவர்களில் 31% பேர் வேலைவாய்ப்பு கெடும் என்பதைக் காரணமாகச் சொன்னார்கள். அதற்கடுத்து நாட்டின் மோசமான பொருளாதார நிலை, அதற்கடுத்து வரைவு அளவுக்கு மீறித் தாராளவாதமானது என்பது. துருக்கியைச் சொன்னவர்கள் 6%. இந்த விஷயத்தில் புறநகரான் பக்கம்தான் சான்று இருக்கிறது. அப்போது நாட்டில் பத்தில் ஒருவருக்கு வேலை இல்லை. பாரிஸ் நகரம் 66% 'சரி' என்றது, பழைய சுரங்கப் பகுதியான பா-த-கலே கிட்டத்தட்ட 70% 'வேண்டாம்' என்றது. சாசனத்தின் பிரிவுகளைவிட இந்த வரைபடம் அதிகம் சொல்கிறது.

நெய்தல்:
எல்லோரும் பிரான்சையே பேசுகிறீர்கள். மூன்று நாள் கழித்து, ஜூன் 1-ல், நெதர்லாந்து 61.5% 'வேண்டாம்' என்றது. பிரான்சை விட அதிகம்! நான் உத்ரெக்டில் இருக்கிறேன்.

இங்கே சூழ்நிலையே வேறு. இந்த நாட்டின் நவீன வரலாற்றில் அதுதான் முதல் தேசிய வாக்கெடுப்பு. முடிவு அரசைக் கட்டுப்படுத்தாது, ஆலோசனை மட்டுமே. நாடாளுமன்றத்தின் 150 இடங்களில் 128 'சரி' பக்கம். எதிர்ப்பில் இருந்தவை ஓரத்துக் கட்சிகள்: இடதில் சோஷலிஸ்ட் கட்சி, வலதில் கீர்ட் வில்டர்ஸ், இன்னொரு மூலையில் சிறிய கிறிஸ்தவக் கட்சிகள். பிரான்ஸ் போல ஊருக்கு ஊர் வாசிப்புக் குழு எல்லாம் இல்லை. இங்கே புகைந்துகொண்டிருந்தது வேறு: யூரோ வந்ததும் விலைவாசி ஏறியது என்ற கோபம், ஆளுக்கு இவ்வளவு என்று பார்த்தால் ஒன்றியத்துக்கு மிக அதிகம் கட்டுவது நாம்தான் என்ற எண்ணம், பெரிய நாடுகளுக்குள் கரைந்துபோவோம் என்ற பயம். அதே ஆணையத்தின் கணிப்பில் இங்கே முதல் காரணம் 'போதிய தகவல் இல்லை' என்பது, 32%. பிரான்சில் வாசித்துவிட்டு மறுத்தார்கள், இங்கே வாசிக்கத் தராததால் மறுத்தார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

'சரி' பிரசாரம் இருக்கிறதே, அதைப் போல எதிராளிக்கு உதவிய பிரசாரத்தை நான் பார்த்ததில்லை. மறுத்தால் யூகோஸ்லாவியா போல ஆகலாம் என்கிற மாதிரி நீதி அமைச்சர் பேசினார். விளக்கு அணைந்துவிடும் என்றார் பொருளாதார அமைச்சர். பக்கத்து வீட்டு டச்சுப் பாட்டி சாகும்வரை தொழிற்கட்சி. இந்தப் பேச்சைக் கேட்டே கடுப்பாகி 'வேண்டாம்' போட்டார்.

கேள்விக்குறி:
சரி, மறுத்தாயிற்று. அடுத்து என்ன செய்வதாகத் திட்டம்? எதிர்த்தவர்கள் கையில் மாற்று வரைவு இருந்ததா?

சட்டநாதன்:
இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். 'திட்டம் பி' என்று சோஷலிஸ்ட் தலைவர்களில் ஒருவரான லொரான் ஃபாபியுஸ் பேசினார். கட்சி 2004 டிசம்பரில் உள்ளுக்குள் வாக்கெடுத்து ஏறத்தாழ 59% 'சரி' என்று முடிவு செய்த பிறகும் எதிர்த்து நின்றவர். மறுத்தால் மறுபேச்சுவார்த்தை வரும், நல்ல வரைவு கிடைக்கும் என்றார். யாருடன் பேச்சுவார்த்தை? லெ பென்னின் 'வேண்டாம்' கூட்டத்துடனா, வில்டர்சுடனா? ஸ்பெயின் 2005 பிப்ரவரியில் 'சரி' என்று வாக்களித்திருந்தது. லக்சம்பர்க் ஜூலையில் 56.5% ஏற்றது. அவர்களும் மக்கள்தான். ஜூன் 4-ல் கட்சித் தலைமையிலிருந்து ஃபாபியுஸை நீக்கினார்கள். ஷிராக் பிரதமரை மாற்றினார். பிரிட்டன் தன் வாக்கெடுப்பைக் கிடப்பில் போட்டது. இவ்வளவுதான் நடந்தது. எதிர்ப்பு இயக்கம் வென்ற மறுநாளிலிருந்து ஆளுக்கொரு திசை. 2007 அதிபர் தேர்தலில் அந்த மேடைக்காரர்கள் ஒரு பொது வேட்பாளரைக்கூடத் தேர்ந்தெடுக்க முடியாமல் பெசன்ஸ்னோ, புஃபே, போவே என்று தனித்தனியாக நின்றார்கள்.

புறநகரான்93:
வலிக்கிறது, ஆனால் உண்மை. அந்தக் குழுக் கூட்டங்களுக்கு 2006 கடைசிவரை போனேன். பிறகு போக மனம் வரவில்லை.

ஒன்றுமே நடக்கவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். பொல்கஸ்டைன் வரைவின் உயிர்நாடியான அந்த விதியை 2006-ல் ஐரோப்பிய நாடாளுமன்றம் எடுத்துவிட்டது. 2005 இல்லாவிட்டால் அது நடந்திருக்காது என்பது என் முடிவு.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் இங்கே இன்னும் சனம் மறக்கவில்லை. 2007 டிசம்பர் 13-ல், மறுக்கப்பட்ட சாசனத்துக்குப் பதிலாக லிஸ்பன் ஒப்பந்தம். கொடி, கீதம், 'வெளியுறவு அமைச்சர்' என்ற பட்டம் எல்லாம் போய்விட்டன. உள்ளே இருந்ததில் பெரும்பகுதி அப்படியே. இதைச் சொன்னது நாங்கள் இல்லை, ஜிஸ்கார் தெஸ்தானே எழுதினார்: கருவிகள் அதேதான், பெட்டிக்குள் அடுக்கிய வரிசைதான் மாறியிருக்கிறது என்று. இந்தமுறை வாக்கெடுப்பு கிடையாது. 2008 பிப்ரவரி 4, மறுபடி வெர்சாய், மறுபடி சாசனத் திருத்தம், ஆதரவு 560, எதிர்ப்பு 181. அந்த வாரத்துக்குள் நாடாளுமன்றத்தில் ஒப்புதலும் முடிந்தது. சோஷலிஸ்ட் உறுப்பினர்களில் பலர் எதிர்க்காமல் விலகி நின்றதை எங்கள் மாவட்டத்தில் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்கள்.

சட்டநாதன்:
சர்கோசி 2007 அதிபர் தேர்தலிலேயே நாடாளுமன்றம் வழியாகத்தான் செய்வேன் என்று சொல்லித்தான் ஜெயித்தார். ஒளித்துச் செய்யவில்லை. 'தடையற்ற, திரிபற்ற போட்டி' என்பதை ஒன்றியத்தின் நோக்கங்கள் பட்டியலிலிருந்து எடுக்கவைத்ததும் அவர்தான்.

புறநகரான்93:
எடுத்து, ஒப்பந்தத்தின் பின்னிணைப்பான ஒரு நெறிமுறையில் ஒட்டிவைத்தார்கள். அதையும் சொல்லுங்கள் ஐயா.

லிஃபிக்கரை:
டப்ளினிலிருந்து. உங்கள் எல்லோருக்கும் பதிலாக 2008-ல் வாக்களித்தது நாங்கள்தான் என்று இங்கே சிலர் பெருமை பேசுவார்கள்.

ரேமண்ட் க்ரோட்டி என்ற பொருளாதார அறிஞர் அரசை நீதிமன்றத்துக்கு இழுத்து, 1987-ல் உச்ச நீதிமன்றத்தில் வென்றார். அதிலிருந்து பெரிய ஐரோப்பிய ஒப்பந்தம் எதுவானாலும் அயர்லாந்தில் மக்களிடம் போக வேண்டும் என்பது வழக்கமாகிவிட்டது. லிஸ்பன் ஒப்பந்தத்துக்கு வாக்கெடுப்பு நடத்திய ஒரே நாடு எங்களுடையது. 2008 ஜூன் 12-ல் 53.4% 'வேண்டாம்'. எதிர்த்தவர்களின் பட்டியல் பிரான்சை விட வினோதம்: சின் ஃபெய்ன் கட்சி, நாட்டின் இராணுவ நடுநிலை கெடும் என்ற அமைதி இயக்கத்தினர், கருக்கலைப்பு வந்துவிடும் என்ற கத்தோலிக்கக் குழுக்கள், டெக்லன் கான்லி என்ற தொழிலதிபரின் லிபர்டாஸ். 'தெரியாவிட்டால் வேண்டாம் என்று போடு' என்ற முழக்கம் கம்பத்துக்குக் கம்பம் தொங்கியது. படித்துவிட்டு மறுத்த புறநகரான் அண்ணாவின் பிரான்சுக்கு நேர் எதிர்.

2009 அக்டோபர் 2-ல் மறுபடி கேட்டார்கள். நாட்டுக்கு ஓர் ஆணையர் நிலைப்பார், வரி, நடுநிலை, கருக்கலைப்பு விஷயங்களில் தலையிட மாட்டோம் என்று உத்தரவாதங்கள் தந்தார்கள். 67.1% 'சரி' விழுந்தது. உத்தரவாதம் கொஞ்சம் வேலை செய்திருக்கும். இடையில் வங்கிகள் கவிழ்ந்து, நாடே ஆடிப்போனதுதான் பெரிய காரணம் என்பேன். கடனில் மூழ்கும் வீட்டில் யார் வீராப்புப் பேசுவார்கள்?

சுருட்டு:
'வேண்டாம்' என்றால் மறுபடி கேட்பார்கள், 'சரி' என்றால் அதோடு விடுவார்கள். எங்கள் வீட்டில் பெண் பார்த்தபோது இப்படித்தான்.

மட்டுறுத்துநர்:
சுருட்டு, சொந்தக் கதைக்கு அரட்டைப் பகுதி இருக்கிறது. மற்றவர்கள் தொடரவும்.

நெய்தல்:
சுருட்டு சொன்னதற்கு மாறாகவும் நடந்திருக்கிறது. இங்கே இரண்டாவது முறை கேட்கவே இல்லை. லிஸ்பனுக்கு வாக்கெடுப்பு தேவையில்லை என்று அரசு முடிவெடுத்தது. அந்தக் கோபம் அடங்காமல், மக்கள் கையெழுத்துச் சேர்த்து ஆலோசனை வாக்கெடுப்பு கோரலாம் என்ற சட்டம் 2015-ல் நடைமுறைக்கு வந்தது. 2016 ஏப்ரலில் அதன்படி உக்ரைன் இணைவு உடன்படிக்கை மீது வாக்கெடுப்பு. வந்தவர்கள் 32%தான், அவர்களில் 61% பேர் எதிர்ப்பு. அரசு சில விளக்கங்களைச் சேர்த்துவிட்டு உடன்படிக்கையை ஏற்றது. 2018-ல் வாக்கெடுப்புச் சட்டத்தையே நீக்கிவிட்டது.

கேள்விக்குறி:
நன்றி நெய்தல், அந்தச் சட்டம் பற்றித் தெரியாது. கடைசியாக ஒன்று. பிரிட்டன் வெளியேறப் பயன்படுத்திய 50-ஆம் பிரிவும் இந்தச் சாசனத்திலிருந்து வந்ததுதானா?

சட்டநாதன்:
ஆம், 1-60-ஆம் பிரிவு, 'ஒன்றியத்திலிருந்து தாமாக விலகுதல்'. சிறு மாற்றங்களோடு லிஸ்பனுக்குப் போனது. 2005 பிரசாரத்தில் இரு தரப்பும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

புறநகரான்93:
எங்கள் துண்டறிக்கைகளில் ஒன்றில்கூட அது இல்லை. வெளியே போக வேண்டும் என்று எங்கள் குழுவில் யாரும் கேட்கவில்லையே. பழைய துண்டறிக்கைகள் ஒரு பெட்டி நிறைய நிலவறையில் கிடக்கின்றன. வருகிற ஞாயிறு எடுத்துப் படம் பிடித்துப் போடுகிறேன், 148-க்கும் 210-க்கும் நாங்கள் என்ன விளக்கம் எழுதினோம் என்று சட்டநாதன் ஐயாவே பார்க்கட்டும்.